மக்கும் உறை யார் கையில்?

ஒருமுறை பயன்படுத்தி வீசும் நெகிழிப் பொருட்களுக்குத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 அன்று தடை விதித்தது. கேரளம் அதே தடையை 2020 ஜனவரி 1 அன்று நடைமுறைப்படுத்தியது. பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தின் எல்லையோரச் சந்தை ஊர்களில் ஒன்றான பனச்சமூட்டில் அந்த ஓராண்டு இடைவெளி விசித்திரமானது. ஒரே பையில் மீனைப் போட்டுக் கொடுப்பது எல்லைக்கு இப்பால் குற்றம், அப்பால் வணிகம். பின்னர் 2022 ஜூலை 1 முதல் 19 வகைப் பொருட்களுக்கு நாடு தழுவிய தடையும் வந்தது. தடைகள் மூன்று வந்த பிறகும், மலிவான மாற்று உறை மீன் விற்கும் பெண்களின் கைக்கு வந்து சேரவில்லை.

தடையின் சுமை எவர்மீது இறக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. அபராதச் சீட்டு தெருவோர வணிகரைத் தேடி வருகிறது. ஆனால் எல்லாப் பெட்டிக்கடைகளிலும் சரஞ்சரமாகத் தொங்கும் பல அடுக்கு நெகிழிப் பொட்டலங்கள் அந்த 19 பொருட்களின் பட்டியலில் இல்லை. மறுசுழற்சி செய்வதற்கு மிகக் கடினமானவை அவையே. அவற்றைச் சந்தையில் குவிக்கும் பெருநிறுவனங்களுக்கு ‘நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு’ என்ற ஏற்பாடு உண்டு. பிறர் ஈட்டிய மறுசுழற்சிச் சான்றிதழை விலைக்கு வாங்கிக் கணக்கை நேர்செய்துகொள்ளவும் அதில் வழியுண்டு. சிறு வணிகருக்குத் தண்டனை, பெருமுதலாளிக்குச் சந்தை என்பதே இதன் வர்க்க உள்ளடக்கம்.

மாற்றுக்கான அறிவியல் இல்லாமல் இல்லை. மாவுச்சத்தை நீரில் கலந்து சூடாக்கினால் அது கூழாகும். கிளிசரால் போன்ற நெகிழ்வூட்டியைச் சேர்த்துப் பரப்பி உலர்த்தினால் ஒளி ஊடுருவும் மெல்லிய படலம் கிடைக்கும். அந்தக் கூழிலேயே கிராம்பு, தேயிலை, மஞ்சள் போன்ற தாவரங்களின் சாற்றையோ எண்ணெயையோ கலந்துவிட்டால், படலம் உணவை மூடுவதோடு நிற்பதில்லை. சாற்றிலுள்ள பொருட்கள் மெல்ல வெளிப்பட்டு, பூஞ்சை, பாக்டீரியா ஆகியவற்றின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. எண்ணெய்ப் பண்டம் சிக்குவாடை அடிப்பதைத் தாமதப்படுத்துகின்றன. இதையே செயலூக்க உறை என்கின்றனர். இக்கருத்து உழைக்கும் மக்களுக்கு அந்நியமானதன்று. பருத்தி வலைகளின் காலத்தில், அவை உப்புநீரில் இற்றுப்போகாதிருக்க, துவர்ப்பு மிகுந்த பனிச்சங்காயின் சாற்றை வலைகளில் ஏற்றிய மீனவர்களின் பட்டறிவும் இதுவே.

இதற்கான மூலப்பொருள் இரண்டும் இந்த எல்லைப் பகுதியிலேயே விளைகின்றன. ஒன்று, மரவள்ளி எனப்படும் மரச்சீனி. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் காலத்தில் அதன் சாகுபடி ஊக்குவிக்கப்பட்டது. 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றபோது ஏழைகளின் வயிற்றை நிரப்பியது அந்தக் கிழங்கு. மற்றொன்று, குமரி மலைகளில் விளைந்து 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி கிராம்பு. கிராம்பு எண்ணெயின் முதன்மைப் பொருளான யூஜினால், நுண்ணுயிர்களுக்கு எதிராக நன்கு ஆராயப்பட்ட தாவரப் பொருட்களில் ஒன்று.

ஆய்வகங்களும் தொலைவில் இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கப்பட்ட மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாப்பனம்கோட்டில் அறிவியல் தொழில்துறை ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வகம் இருக்கிறது. இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் என்னும் படலப் பொருளை எடுக்கும் தொழில்நுட்பத்தை வளர்த்த மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் கொச்சியில் இருக்கிறது. இவை அனைத்தும் மக்களின் வரிப்பணத்தில் நடப்பவை.

மீன் சந்தைக்கு இந்த அறிவியல் என்ன தரக்கூடும்? ஊதா நிற சர்க்கரைவள்ளிக் கிழங்கின் நிறமியான ஆந்தோசயனினைப் படலத்தில் சேர்த்தால், மீன் கெடும்போது வெளியாகும் அமீன் ஆவிகள் பட்டு அதன் நிறம் மாறும். கெட்ட மீனை வாங்குபவர் கண்ணாலேயே கண்டறியலாம். ஆனால் 2018இல் அமரவிளை சோதனைச் சாவடியில் பிடிபட்டதைப் போன்ற ஃபார்மலின் கலந்த மீனை இந்த நிறமாற்றம் காட்டிக்கொடுக்காது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். அறிவியலை மந்திரமாக்குவது விளம்பர நிறுவனங்களின் வேலை. அதன் எல்லையை அறிந்து பயன்படுத்துவதே உழைக்கும் வர்க்கத்துக்கு உரியது.

வேறு எல்லைகளும் உண்டு. மாவுச்சத்துப் படலம் ஈரத்தை உறிஞ்சும். ஈர மீனை அதில் மட்டும் பொதிய முடியாது. கைட்டோசான் போன்றவற்றின் பூச்சோ கலப்போ தேவை. நேந்திரங்காய் வற்றல், முறுக்கு போன்ற உலர் பண்டங்களுக்கும் காற்றின் ஈரம் புகாத வகையில் அதை மேம்படுத்த வேண்டும். சந்தையில் ‘மக்கும் பை’ என விற்கப்படுபவற்றில் பல, மாவுச்சத்துடன் பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் பிபிஏடி என்ற பாலிமரைக் கலந்தவை. பாலிலாக்டிக் அமில நெகிழியோ, ஏறத்தாழ 60 டிகிரி வெப்பம் காக்கப்படும் உரமாக்கும் ஆலையில்தான் விரைவாக மக்கும். சாக்கடையில் கிடந்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். உரமாக்கும் ஆலையை அமைக்காமல் பையை மட்டும் மாற்றுவது மக்களை ஏமாற்றுவதாகும்.

ஆகவே, இந்த உறை யாருடைய உடைமை என்பதே மையக் கேள்வி. அமெரிக்காவில் மக்காச்சோளத்திலிருந்து இத்தகைய நெகிழியைத் தயாரிக்கும் நேச்சர்வொர்க்ஸ் நிறுவனம், தானிய வணிகப் பெருநிறுவனமான கார்கில்லும் தாய்லாந்தின் பிடிடி குளோபல் கெமிக்கலும் உடைமை கொண்டது. இந்தியாவில் பல்ராம்பூர் சர்க்கரை நிறுவனம் கரும்பிலிருந்து இதே நெகிழியைத் தயாரிக்கும் திட்டத்தை 2024இல் அறிவித்தது. பொது ஆய்வகத்தில் பிறக்கும் தொழில்நுட்பமும் உரிமத்தொகைக்குத் தனியாரிடம் போய்ச் சேருமானால், விவசாயிக்கு மிஞ்சுவது கிழங்கின் அடிமாட்டு விலை. சிறு வணிகருக்கு மிஞ்சுவது இன்னொரு விலையுயர்ந்த பை.

சேலம் வட்டாரத்தின் அனுபவம் இங்கே பாடமாகும். அங்கே மாவுச்சத்து, ஜவ்வரிசி உற்பத்தியாளர்களுக்காக 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைக்கப்பட்டது. ஆனால் அது ஆலை உரிமையாளர்களின் கூட்டுறவு. கிழங்கைப் பயிரிட்டவர்கள், அதன் மாவுச்சத்துப் புள்ளிக்கு ஆலைகள் தரும் விலையை எதிர்த்து மீண்டும் மீண்டும் போராட வேண்டியிருந்தது. 2020க்குப் பிறகு மாவுப்பூச்சி பரவியபோது இழப்பைச் சுமந்தவர்களும் அவர்களே. கூட்டுறவு என்ற பெயர் மட்டும் போதாது. அதில் விவசாயிக்கும் தொழிலாளிக்கும் இடம் வேண்டும்.

ஏழையின் உணவை உறையாக்கலாமா என்ற கேள்வியும் எழும். அது நியாயமான கேள்வி. உண்ணத் தகுந்த கிழங்கை முதலில் உணவுக்கு ஒதுக்கி, சிறுத்த, அடிபட்ட கிழங்கையும் ஆலைத் திப்பியையும் உறைக்குப் பயன்படுத்தும் திட்டமே ஏற்கத்தக்கது. இலாபத்துக்காக இயங்கும் சந்தை தானாக அந்த வரிசையைக் கடைப்பிடிக்காது. திட்டமிட்ட பொது உற்பத்தியே அதைச் செய்ய முடியும்.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. பொது ஆய்வகங்களின் உறைத் தொழில்நுட்பம் கூட்டுறவுகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும். இரு மாநில அரசுகளும் இணைந்து, எல்லைப் பகுதியில் மரச்சீனி விவசாயிகள், மீன் விற்கும் பெண்கள், சிறு பண்டத் தயாரிப்பாளர்கள் ஆகியோர் பங்கேற்கும் உற்பத்திக் கூடம் ஒன்றைத் தொடங்க வேண்டும். மாற்று உறை மானிய விலையில் கிடைக்கும்வரை சிறு வணிகர்மீதான அபராதத்தை நிறுத்த வேண்டும். பல அடுக்குப் பொட்டலங்களைத் தயாரிக்கும் நிறுவனங்களிடமிருந்து இதற்கான நிதியைத் திரட்ட வேண்டும்.

1956இல் மொழிவழி மாநில எல்லை வரையப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்தோடும் நெய்யாற்றின்கரை கேரளத்தோடும் சேர்ந்தன. கிழங்கு, மீன், குப்பை ஆகிய மூன்றும் அந்தக் கோட்டை அன்றாடம் கடக்கின்றன. குப்பை ஏற்றிய வண்டி எல்லையில் பிடிபடும்போதெல்லாம் இரு பக்க மக்களையும் ஒருவருக்கொருவர் எதிரியாக்க முயல்வோர் உண்டு. இரு பக்கத் தோழர்களும் ஒரே மேடையில் நின்று, குப்பையை உற்பத்தி செய்து இலாபமீட்டும் முதலாளித்துவத்தை நோக்கி அந்தக் கோபத்தைத் திருப்புவதே இன்றைய கடமை.