உழைப்பவரின் உறக்கம்

கேரளம் என்றாலே குளிர்ச்சி என்று எண்ணுவோர் சித்திரை மாதத்தில் கொழிஞ்சாம்பாறையில் ஓர் இரவு தங்கிப் பார்க்க வேண்டும். மலைத்தொடரின் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்குச் சமவெளியின் வெப்பக் காற்று இங்கே புகுகிறது. 2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரி செல்சியசைத் தாண்டியது. வெப்ப அலை எச்சரிக்கையும் விடப்பட்டது.

பகல் வெயிலைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். இரவுப் புழுக்கத்தைப் பற்றிப் பேசுவார் இல்லை. உடலின் உட்சூடு சற்றுத் தணிந்தால்தான் நல்ல உறக்கம் வரும். பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளமோ நள்ளிரவு வரை அனலைக் கக்குகிறது. நகரங்களில் ஒரே அறையில் ஐந்தாறு பேராக, ஒற்றை மின்விசிறியின் கீழ்ப் படுக்கும் நம்மவர் எப்படிக் கண்ணயர்வார்கள்?

68 நாடுகளில் 47,000க்கும் அதிகமானோரின் உறக்கத்தை அளந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே உறுதி செய்கிறது. இரவு வெப்பம் ஏற ஏற உறக்கம் குறைகிறது. ஏழை நாட்டு மக்களே அதிகம் இழக்கிறார்கள்.

இடவப்பாதி மழை வந்தால் சூடு தணியும். ஆனால் ஒழுகும் கூரையும் கொசுவும் அப்போது உறக்கத்தைக் கெடுக்கும். மூணாறில் தை மாதக் குளிர் சில நாட்களில் பூஜ்யம் டிகிரியைத் தொடும். அங்கே தோட்டத் தொழிலாளரின் லயங்களுக்குக் கம்பளியே கவலை. பருவமும் இடமும் மாறினாலும் இழப்பு உழைப்பவருக்கே. தூக்கம் கெட்டவர் சாரத்தில் ஏறினால் உயிருக்கு ஆபத்து. கணக்கு எழுதினால் பிழை.

கோடையில் பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாதென்று கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் உத்தரவிடுவது பாராட்டுக்குரியது. ஆனால் உறங்கும் அறைக்கும் ஓர் ஒழுங்கு வேண்டாமா? வெளிமாநிலத் தொழிலாளர் 620 பேர் தங்குவதற்காகக் கஞ்சிக்கோட்டில் 2019இல் 'அப்னா கர்' விடுதி திறக்கப்பட்டது. அதுபோன்றவை எல்லையோர ஊர்களிலும் எழ வேண்டும். தங்குமிடம் தரும் முதலாளிகள் ஆளுக்கு இவ்வளவு இடம், எதிரெதிர் ஜன்னல், வெள்ளையடித்த மொட்டைமாடி என்ற அளவிலாவது வசதி செய்து தர வேண்டும். ஊராட்சிகள் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கூலி கேட்கத் தயங்காத தொழிலாளி காற்றோட்டமுள்ள அறையையும் கேட்கலாம். உறக்கம் சலுகையன்று, மறுநாள் உழைப்பின் முதல்.