வர்ணத்திலும் உண்மை வேண்டும்

பொம்மைக்கு எந்த வர்ணம் பூசினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஜெட் போர் விமானங்களை அளவு குறைத்து, அச்சு அசலாகச் செய்து வைப்பவர்கள் இந்தக் கேள்வியை ஒப்புவதில்லை. 72-ல் ஒரு பங்கு அளவில் செய்தால் நாட் விமானம் சுமார் 12 சென்டிமீட்டர் நீளந்தான் வரும்; உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆயினும், அதன்மேல் பூசும் பச்சை எந்தப் பச்சை என்று தீர்மானிக்கப் பல நாள் செலவிடுகிறார்கள். இது வீண் வேலை என்று தள்ளிவிடுவதற்கில்லை.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தாருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு சாண் தோல் துண்டு மாதிரியாக வரும். 'இதே நிறத்தில் வேண்டும்' என்பதுதான் ஆர்டர். ஈரத்தில் கருத்துத் தெரியும் தோல் காய்ந்தபின் வெளுக்கும் என்பதை மனத்தில் வைத்தே டிரம்மில் சாயம் விடவேண்டும். ஒரு ஜோடி பூட்சில் இடது கால் ஒரு தோலிலும் வலது கால் வேறொரு தோலிலும் அமையலாம். நிறம் மட்டும் மாறக்கூடாது. மாறினால் சரக்குத் திரும்பிவிடும். நிறம் தவறுவது அற்ப விஷயமல்ல என்பதைப் பணம் கொடுத்துக் கற்ற ஊர்கள் இவை.

வெளிச்சம் செய்யும் மோசம்

பகல் வெளிச்சத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரு துண்டுகள், விளக்கொளியில் வேறு வேறாகத் தெரிவதுண்டு. இரண்டிலும் கலந்த சாயப் பொருள்கள் வெவ்வேறாக இருப்பதே காரணம். ஆகையால்தான் தோல் தொழிற்சாலைகளில் பகல் ஒளி, கடை விளக்கொளி இரண்டிலும் வைத்துப் பார்க்கிறார்கள். விமான மாதிரி செய்பவரும் அப்படியே செய்யவேண்டும். புகைப்படத்தையும் கம்ப்யூட்டர் திரையையும் மட்டும் நம்பி வர்ணம் கலப்பது, தோலைப் பார்க்காமல் அதன் படத்தைப் பார்த்துச் சாயம் போடுவதற்குச் சமானம்.

மற்றொரு சிக்கலும் உண்டு. பெரிய பரப்பில் எடுப்பாகத் தோன்றும் நிறம், சிறிய பரப்பில் இருண்டு தெரியும். அசல் விமானத்தின் பெயின்டையே கொண்டுவந்து மாதிரியில் பூசினாலும் கண்ணுக்குச் சற்றுக் கறுத்தே தோன்றும். எனவே அனுபவஸ்தர்கள் சிறிது வெள்ளை சேர்த்துக்கொள்கிறார்கள். எவ்வளவு சேர்ப்பது என்பதைக் கண்தான் சொல்லவேண்டும்.

எண்ணால் ஒரு பெயர்

'சாம்பல்' என்ற ஒரு சொல்லுக்குள் நூறு நிறம் அடங்கும். ஆகவே உலக நாடுகள் நிறங்களுக்கு எண் கொடுத்தன. அமெரிக்க சர்க்கார் 1956-ல் வெளியிட்ட நிற அட்டவணையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஐந்து இலக்கம். முதல் இலக்கம் பளபளப்பைச் சொல்லும். இரண்டாவது நிறத்தின் இனத்தைச் சொல்லும். 36375 என்றால் பளபளப்பில்லாத ஒரு சாம்பல். பிரிட்டிஷ் அட்டவணையில் 641 கரும்பச்சை. 638 கருங்கடல் சாம்பல். 1957 முதல் இந்தியாவுக்கு வந்த ஹன்டர் விமானங்களின் மேற்புறம் இந்த இரண்டு நிறங்களே இருந்தன. 1971 டிசம்பரில் லோங்கேவாலா பாலைவனத்தில் எதிரி டாங்கிகளை நொறுக்கியவையும் ஹன்டர்களே.

இந்தியாவும் இதில் பின்தங்கிவிடவில்லை. தேசியக் கொடிக்கென 1951-ல் வகுத்த தர நிர்ணயத்தின் எண்ணே ஒன்று. கொடியின் காவி எது, பச்சை எது என்று அதில் அளந்து குறித்திருக்கிறது. அதே மூன்று வர்ணங்களே வட்டச் சின்னமாக விமானப் படையின் சிறகுகளில் விளங்குகின்றன. அந்தக் காவி மாதிரியில் ஆரஞ்சாக மாறுவதை யார் ஒப்புவார்?

அட்டவணைக்கு அடங்காதவை

ஆனால் யுத்த காலம் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. வெள்ளிபோல் மின்னிய மிக்-21 விமானங்களுக்கு 1971-ல் அந்தந்தப் படைத்தளத்திலேயே அவசர அவசரமாகப் பச்சையும் மண் நிறமும் பூசினார்கள். ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. வெயிலும் மழையும் அவற்றை மேலும் மாற்றின. இவற்றுக்கு எண் தேடிப் பயனில்லை. அன்று எடுத்த வர்ணப் புகைப்படங்கள், உடனிருந்தவர்களின் ஞாபகம், பழைய தகட்டில் எஞ்சிய பெயின்ட் ஆகியவையே சாட்சி.

அந்தச் சாட்சிகள் வேகமாகக் குறைந்து வருகின்றன. மிக்-21 விமானங்களே 2025 செப்டம்பர் 26-ல் சேவையிலிருந்து விடைபெற்றுவிட்டன. ஓய்வு பெற்ற விமானத்தைப் பீடத்தில் ஏற்றி நிறுத்தும்போது, கைக்குக் கிடைத்த பெயின்டை அடித்துவிடுகிற வழக்கமும் உண்டு. அடித்தபின், அடியில் இருந்த சரித்திரம் மறைந்துபோகிறது. அதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் அதுவே அசல் என்று நம்பிவிடுவார்கள். புதிதாக வர்ணம் பூசுமுன் பழைய பூச்சில் ஒரு சிறு துண்டை எடுத்து, நிறத்தை அளந்து, எண்ணைக் குறித்து வைப்பதற்கு அதிகச் செலவு ஆகாது. சர்க்காரும் கண்காட்சிச் சாலைகளும் இதை ஒரு விதியாகவே கொள்ளவேண்டும்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அரக்கோணத்தில் 1992 முதல் கடற்படை விமானத் தளம் இயங்குகிறது. அங்கிருந்து எழும் பி-8ஐ ஜெட் விமானங்களின் சாம்பலை இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் ஆகாயத்தில் பார்த்தே பழகியவர்கள். மாதிரி செய்ய முற்படுவோர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, முடிந்தவரை தண்ணீரில் கரையும் வர்ணங்களையே உபயோகிக்கட்டும். பிரஷ் கழுவிய கழிவைச் சாக்கடையில் கொட்டவேண்டாம். பாலாறு பட்டபாடு போதும்.

தோலின் நிறத்தைக் கண்ணாலேயே எடைபோடும் மேஸ்திரிகள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு நாள் நின்று பார்த்தால், நிறத்தைப் பற்றிப் புத்தகம் சொல்லாத பலவும் விளங்கும். கருத்தோடு ஒரு நிறத்தைப் பார்க்கப் பழகியவனுக்கு, 'ஏறக்குறைய சரி' என்பதில் திருப்தி வராது. தொழிலுக்கும் சரித்திரத்துக்கும் வேண்டிய குணம் அதுவே.