இரண்டு தினகரன்

நேற்று பஸ்ஸில் ஒரு விவாதம். பாரூரில் ஆரம்பித்தது கிருஷ்ணகிரி வரை முடியவில்லை. "இலங்கையில பேப்பர்காரன்னா சுட்டுடுவாங்க, நம்ம ஊரு எவ்வளவோ தேவலைடா" என்றான் நண்பன். பாதிதான் சரி என்றேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவன் பக்கம். 2006 மே 2-ம் தேதி யாழ்ப்பாணத்தில் 'உதயன்' அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர தினம். அதற்காக யுனெஸ்கோ மாநாடு நடந்துகொண்டிருந்ததும் அதே நாட்டின் தலைநகரில்தான்! 2009 ஜனவரி 8-ல் 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க அலுவலகம் போகும் வழியில் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்கு இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

ஆனால் நான் பி.காம். மாணவன். கம்பெனி என்றால் முதலில் பங்கு யார் கையில் என்று பார்க்கத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் இன்னொரு கதை கிடைக்கிறது.

கொழும்பிலும் ஒரு 'தினகரன்' இருக்கிறது. 1932-ல் தொடங்கியது. 'லேக் ஹவுஸ்' என்று எல்லோரும் அழைக்கும் நிறுவனத்தின் தமிழ் நாளிதழ். 1973-ல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு ஒரு சட்டம் போட்டு அந்த நிறுவனத்தின் 75 சதவீதப் பங்குகளை எடுத்துக்கொண்டது. ஒரு குடும்பத்தின் கையில் இருப்பதைப் பலருக்கும் பரவலாக்கப் போகிறோம் என்றார்கள். பங்கு மக்களிடம் வந்து சேரவே இல்லை. அன்று எதிர்த்த யு.என்.பி. 1977-ல் ஆட்சிக்கு வந்தது. திருப்பிக் கொடுத்ததா? இல்லை. லேக் ஹவுஸ் நிறுவனரின் பேரன் ரணில் விக்கிரமசிங்கவே பிரதமரானார், 2022-ல் ஜனாதிபதியும் ஆனார். அப்போதும் அது அரசு கையில்தான்! எதிர்க்கட்சியாக இருக்கும்போது கசக்கும் பத்திரிகை, நாற்காலியில் உட்கார்ந்ததும் இனிக்கிறது. 2018 அக்டோபர் 26 இரவு மகிந்த ராஜபக்ச திடீர்ப் பிரதமர் ஆனபோது அவருடைய ஆட்கள் உடனே நுழைந்த இடங்களில் ஒன்று அரசுத் தொலைக்காட்சி ரூபவாஹினி. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

இப்போது நம்ம ஊர் தினகரன். 2007 மே 9-ல், கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பை வெளியிட்டதற்காக மதுரை அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். 2009-ல் எல்லோரும் விடுதலை. 2019-ல்தான் உயர் நீதிமன்றம் 9 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. ஆக, "தேவலை" என்பதைக் கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டும்.

அந்தச் சண்டைக்குப் பிறகு நடந்ததும் பாடம்தான். தி.மு.க. தலைமை சன் டிவியை நம்பாமல் அதே வருடம் கலைஞர் டிவியைத் தொடங்கியது. அ.தி.மு.க. உடைந்து ஜெயா டிவி சசிகலா தரப்பில் நின்றதும், 2018-ல் நியூஸ் ஜெ வந்தது. அங்கே ஆட்சி மாறினால் ஆசிரியர் மாறுகிறார். இங்கே கூட்டணி உடைந்தால் புது சேனல் வருகிறது. இரண்டிலும் செய்தி முதலாளிக்குத்தான் சொந்தம், நமக்கில்லை.

என் கருத்து இதுதான். சுட்டவனையும் தீ வைத்தவனையும் என்றாவது கோர்ட்டில் நிறுத்தலாம். பங்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு செய்தியை வரவிடாமல் செய்தவனை எந்தக் கோர்ட்டிலும் நிறுத்த முடியாது. வராத செய்திக்கு சாட்சி ஏது? அதனால் ஒவ்வொரு பத்திரிகையும் சேனலும் தன் உரிமையாளர் யார், அரசு விளம்பரத்தில் வருடத்துக்கு எவ்வளவு வந்தது என்பதை வாசகனுக்குச் சொல்ல வேண்டும். லாப நஷ்டக் கணக்கில் ஒரு வரி, அவ்வளவுதான்.

அதுவரை டீக்கடையில் ஒரே ஒரு பேப்பரைப் படித்துவிட்டு சத்தம் போடாதீர்கள். பக்கத்து பெஞ்சில் கிடக்கும் இன்னொன்றையும் எடுத்துப் பாருங்கள். நண்பா, இது உனக்கும்தான்!