தலைப்பிரட்டையின் வாலும் புற்றுநோயும்

ஊர்க் குளத்தில் தலைப்பிரட்டையைக் கையில் அள்ளிப் பார்க்காதவர் நம்முள் மிகச் சிலரே இருப்பர். அது தவளையாகும்போது அதன் வால் எங்கே போகிறது? அறுந்து விழுவதில்லை, உடலுக்குள்ளேயே கரைந்து மறைகிறது. நாம் அதைக் கண்டு வியந்தோம்; பிறகு மறந்தோம். அமெரிக்காவில் ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாப்பியேர் என்னும் இருவர் மறக்கவில்லை. கரையும் வாலின் திசுவைச் சோதனைச் சாலையில் வைத்து ஆராய்ந்தனர். உடலைக் கட்டிக் காக்கும் கொலாஜன் என்ற புரதத்தை வெட்டும் என்சைமை அதில் கண்டு, 1962ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

“தவளை வாலை ஆராய்ந்து யாருக்கு என்ன பயன்?” என்று கேட்கும் நண்பர்கள் நம் விடுதியிலும் உண்டு. அவர்களுக்கு விடை கூறவே இதை எழுதுகிறேன்.

புற்றுநோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் முதலில் தோன்றிய கட்டியன்று. அதிலிருந்து பிரிந்து, நுரையீரல், கல்லீரல், எலும்பு என்று வேற்றிடங்களில் குடியேறும் உயிரணுக்களே எமனாகின்றன. ஆனால் அவை எளிதில் வெளியேற இயலாது. கொலாஜன் முதலிய புரதங்களால் நெய்த மெல்லிய சவ்வு ஒன்று வேலிபோல் வழிமறிக்கிறது. அவ்வேலியை அறுக்கும் கத்தி எது? தலைப்பிரட்டையின் வாலைக் கரைத்த என்சைமின் உறவினர்களே! மனித உடலில் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை இருபதுக்கு மேல். மெட்டல்லோபுரோட்டியேஸ் என்பது குடும்பப் பெயர். துத்தநாகம் இன்றி இவை இயங்கா. பரவும் ஆற்றல் மிக்க புற்றணுக்கள் இவ்வேலியை மிகுதியாக அறுக்கின்றன என்பதை லான்ஸ் லியோட்டாவும் அவர் துணைவர்களும் 1980இல் காட்டினர்.

பிறகு என்ன? கத்தியைப் பறித்துவிட்டால் நோய் அடங்கும் என்று பலர் நம்பினர். 1990களில் மாரிமாஸ்டாட் போன்ற மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். நம்பிக்கை பொய்த்தது. எதிர்பார்த்தபடி ஆயுள் நீளவில்லை. மூட்டு வலியும் தசை வலியுமே பலரை வாட்டின.

ஏன் பொய்த்தது? இவ்வென்சைம்கள் பகைவர் அல்லர், உடலின் ஊழியர். புண் ஆறுவதற்கும் எலும்பு வளர்வதற்கும் இவை வேண்டும். உடல் இவற்றை உறங்கும் நிலையிலேயே படைக்கிறது, வேண்டும்போது எழுப்புகிறது, அடக்குவதற்கென்றே வேறு புரதங்களையும் வைத்திருக்கிறது. அந்தக் கட்டுப்பாடு குலைவதே கேடு. மருந்தோ நல்லது கெட்டது பாராமல் எல்லாவற்றையும் ஒருசேர அடைத்தது. இவற்றுள் சில புற்றை எதிர்த்து நிற்பவை என்பது பின்னர் எலிகளிடம் செய்த ஆய்வுகளில் தெரிந்தது. மேலும், மருந்து பெற்றவர்களுள் பலர் நோய் முற்றியவர்கள். வெள்ளம் ஊருக்குள் புகுந்தபின் கரையை உயர்த்தி என்ன செய்வது?

நண்பர்களே! “என்ன பயன்?” என்று உடனே கேட்பதும், “இதோ மருந்து!” என்று உடனே முழங்குவதும் ஒரே அவசரம் பெற்ற இரு பிள்ளைகள் என்பது என் கருத்து. முன்னது ஆராய்ச்சியை முளையிலேயே கிள்ளுகிறது. பின்னது நோயாளியை ஏமாற்றுகிறது. வால் கரைவதன் காரணத்தை அறிய விரும்பியவர்கள் அவ்விருவர். அந்த ஆவல்தான் புற்றின் பாதையை நமக்குக் காட்டியது. கண்டதை முற்ற அறியுமுன் மருந்தாக்க முந்தியதே பின்வந்தோரை இடறவைத்தது. இன்று ஆய்வாளர்கள் எந்த என்சைம், எந்தக் கட்டத்தில், எந்தத் திசுவில் என்று பிரித்தறிய முயல்கின்றனர். மெதுவான வழிதான், ஆனால் நேரான வழி.

விடுமுறைக்கு ஊர் போகும்போது, “பத்திரிகையில் புதுமருந்து என்று போட்டிருக்கிறதே, தம்பி, உண்மையா?” என்று அத்தையோ மாமாவோ நம்மைக் கேட்பர். எலியில் வென்றது வேறு, மனிதரில் வென்றது வேறு என்று நல்ல தமிழில் அவர்களுக்கு விளக்க நம்மால் முடிய வேண்டும். கட்டி தென்பட்டால் நாள் கடத்தாது மருத்துவரிடம் செல்லுங்கள், வேலி உடையுமுன் தடுப்பதே எளிது என்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தெரியாத விஞ்ஞானப் பட்டம் நமக்கு எதற்கு?