தடுக்கக் கூடிய மரணங்கள்

நமது தேசத்து ஸ்திரீகளை மாய்க்கும் வியாதிகளுள் கருப்பைவாய்ப் புற்றுநோய் பிரதானமானது. 2022-ம் வருஷத்தில் மாத்திரம் இந்தியாவில் ஏறக்குறைய 80,000 ஸ்திரீகள் இதற்கு இரையானதாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. இவர்களில் மிகப் பலர் மாண்டிருக்க வேண்டியதில்லை என்பதே நமது துக்கத்தை இரட்டிப்பாக்குகிறது.

இந்நோய்க்கு மூலம் எச்.பி.வி. என்னும் வைரஸ் கிருமி. இதைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு ஸுர் ஹௌஸனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. இக்கிருமி தொற்றியவள் புற்றுநோயாளியே என்று சிலர் பீதியடைகிறார்கள். வேறு சிலர் அவளுடைய நடத்தையையே சந்தேகிக்கத் துணிகிறார்கள். இரண்டும் அறியாமையே. உடலுறவினால் பரவும் இக்கிருமி மிகச் சாதாரணமானது. ஆண்களையும் பெண்களையும் ஒருங்கே தொற்றுவது. புருஷனிடமிருந்து வந்திருக்கக் கூடிய ஒன்றுக்கு மனைவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்த நியாயம்?

தொற்றியவர்களில் பெரும்பாலோரிடம் இரண்டு வருஷங்களுக்குள் கிருமி தானே அற்றுப்போகிறது. 16, 18 முதலிய கொடிய வகைகள் நீங்காமல் நிலைத்துவிட்டால்தான் அபாயம். அப்பொழுதும் அது புற்றாக முதிர்வதற்குச் சாதாரணமாக 15 முதல் 20 வருஷங்கள் பிடிக்கின்றன. இயற்கை அளிக்கும் இந்நீண்ட தவணையை நாம் வீணாக்குகிறோம் என்பதே நமது குற்றச்சாட்டு.

தவணையைப் பயன்படுத்தினால் விளையும் பலனுக்குத் திண்டுக்கல் ஜில்லாவே சாட்சி. 2000-ம் வருஷம் முதல் அங்கே 30 முதல் 59 வயது வரையுள்ள ஸ்திரீகளுக்கு ஒரே தடவை, காடியிலுள்ள அமிலத்தைக் கருப்பை வாயில் தடவிக் கண்ணால் பரிசோதித்து, குறி கண்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தார்கள். பரிசோதனை நடவாத கிராமங்களோடு ஒப்பிட, இந்நோயால் நேரும் மரணம் 35 சதவிகிதம் குறைந்ததென்று 2007-ல் பிரசுரமாயிற்று. ஆயினும், 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, 30 முதல் 49 வயதுள்ளவர்களில் பரிசோதனை செய்துகொண்டோர் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இந்தியா முழுவதிலும் இரண்டு பேர்கூட இல்லை!

கிருமி தொற்றுமுன்பே, 9 முதல் 14 வயதுக்குள், பெண் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது உத்தமம். புனாவில் தயாரான சுதேசி ஊசிக்கு 2022-ல் அனுமதியும் கிடைத்துவிட்டது. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் பிற்காலத்தில் பரிசோதனை அவசியமே.

தேசத்தைத் தாயென்று மேடைதோறும் வணங்கும் நண்பர்கள், தம் வீட்டுத் தாய்மாரின் வியாதியைப் பேச ஏன் கூச வேண்டும்? ஒவ்வோர் ஊழியரும் தமது இல்லத்து ஸ்திரீகளை முதலில் பரிசோதனைக்கு அனுப்பட்டும். பிறகு ஊராரை அழைக்கட்டும். கிராமந்தோறும் இப்பரிசோதனை நடக்கும்படி சர்க்காரை விடாது வற்புறுத்தவும் வேண்டும்.