கடல் பார்க்கப் போகும் பெண்ணுக்கு என்ன வேண்டும்?

சுற்றுலா போய் வந்தவர்கள் எல்லோரும் என்ன பார்த்தோம், எங்கே சாப்பிட்டோம், எவ்வளவு செலவானது என்று விவரமாகச் சொல்கிறார்கள். ஒன்றை மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்த ஊரில் ஒரு பெண் பயப்படாமல் தண்ணீர் குடிக்கலாமா? தண்ணீர் சுத்தமா என்று நான் கேட்கவில்லை. குடித்த பிறகு ஒதுங்க இடம் உண்டா என்றுதான் கேட்கிறேன். வேனில் ஏறுவதற்கு முன்பே தாகத்தை அடக்கிக்கொள்ளப் பழகிய சகோதரிகளுக்கு நான் சொல்வது புரியும்.

என்னைக் கேட்டால், ஓர் ஊர் பார்க்கத் தகுந்த ஊரா இல்லையா என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இது எனக்கு உறைத்தது நம் ஊரில் அல்ல, இலங்கையில்.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் நானும் என் மதினியும், பக்கத்து வீட்டு ரிட்டயர்டு டீச்சரும், என் மகளுமாக நாலு பெண்கள் மிரிஸ்ஸ என்ற ஊருக்குப் போய் வந்தோம். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. அங்கிருந்து மாத்தறை போகும் ரயிலில் ஏறினால் வழி நெடுகக் கடலை ஒட்டியே போகலாம். எதற்கு என்கிறீர்களா? திமிங்கலம் பார்க்க!

கிளம்பும்போது என் மாமி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “கடலு பாக்கதுக்கு கடலு தாண்டிப் போணுமா பிள்ளே? இஞ்ச இல்லாத்த கடலா அங்க கெடக்கு?” நியாயமான கேள்வி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

மிரிஸ்ஸ, இலங்கையின் தென்கோடியில் மாத்தறை மாவட்டத்தில் இருக்கிற சின்ன மீன்பிடி ஊர். 2004 டிசம்பர் 26-ல் நம் குளச்சலையும் மணக்குடியையும் அழித்த அதே சுனாமி அங்கேயும் புகுந்தது. அதிலிருந்து எழுந்த பிறகுதான் திமிங்கலம் பார்க்கும் ஊர் என்று பெயர் வாங்கியது. அந்தக் கரையில் கொஞ்ச தூரம் போனாலே கடல் சட்டென்று ஆழமாகிவிடுகிறது. அதனால் நடுக்கடலில் வாழ்கிற நீலத் திமிங்கலம் அங்கே கரைக்குப் பக்கத்திலேயே வருகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை சீசன். உலகத்திலேயே பெரிய உயிர் அதுதான். அது தின்பது என்ன தெரியுமா? நாம் கூனி என்று சொல்கிறோமே, அந்த மாதிரிப் பொடி இறாலை!

காலை ஆறரை மணிக்குப் படகு. முந்தின இரவே எங்களுக்கு அறை கொடுத்த வீட்டம்மா, “வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள், வெறும் வயிறாகவும் போகாதீர்கள்” என்று சொல்லி இஞ்சி மிட்டாய் கொடுத்தனுப்பினார். கட்டாயம் லைஃப் ஜாக்கெட். நான் ஏறியதும் முதலில் தேடியது கழிப்பறையைத்தான். படகிலேயே இருந்தது! அதைப் பார்த்த பிறகுதான் என் மதினி தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. அறுபது வயதுக்காரி, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயணத்தில் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிறாள்.

ஒன்றரை மணி நேரம் போன பிறகு தூரத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்த மாதிரி வெள்ளையாக எழுந்தது. அது திமிங்கலம் விடும் மூச்சு. பிறகு முதுகு தெரிந்தது. தெரிந்துகொண்டே இருந்தது, முடியவே இல்லை. இரண்டு பஸ்ஸை ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தின நீளம் இருக்கும். கடைசியில் வாலைத் தூக்கி ஒரே முழுக்கு. படகில் யாரும் பேசவில்லை. டீச்சர் மட்டும் கைகூப்பிக் கும்பிட்டார்.

இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு, மனசுக்குப் பிடிக்காததையும் சொல்ல வேண்டும். அந்த ஒரு திமிங்கலத்தைச் சுற்றி ஏழு படகுகள் நின்றன. அது எந்தப் பக்கம் போனாலும் எல்லாம் துரத்தின. பார்க்க வந்தவர்களும் “இன்னும் கிட்டப் போங்கள்” என்று கத்தினார்கள். இவ்வளவு தூரம் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று அந்த நாட்டில் 2012-லேயே விதி போட்டிருக்கிறார்கள். விதி கரையிலேயே நின்றுவிட்டது போலிருக்கிறது. அந்தக் கடல் வழியாகப் பெரிய சரக்குக் கப்பல்களும் போகின்றன. அவற்றில் மோதித் திமிங்கலங்கள் செத்திருக்கின்றன. எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் கம்பெனி 2022-ல் தன் கப்பல்களை இன்னும் தெற்கே தள்ளிப் போகச் சொல்லிவிட்டது. லாபம் பார்க்கும் கம்பெனியே விலகிப் போகும்போது, வேடிக்கை பார்க்கப் போகிற நாம் துரத்தலாமா? போகிறவர்கள் டிக்கெட் வாங்கும்போதே “துரத்த மாட்டோம்” என்று சொல்கிற படகைத் தேடி ஏறுங்கள். நாம் கேட்டால்தான் அவர்கள் மாறுவார்கள்.

திமிங்கலம் தவிரவும் அங்கே பார்க்க நிறைய உண்டு. மாத்தறையைத் தாண்டினால் இலங்கையின் தென்முனையான தெவிநுவர. 1890-ல் கட்டின உயரமான கலங்கரை விளக்கம் இருக்கிறது. அந்த ஊரில்தான் முற்காலத்தில் தேனாவரை நாயனார் கோயில் இருந்தது. 1588-ல் போர்ச்சுக்கீசியர் அதை இடித்துப் போட்டார்கள். சீனாவிலிருந்து கப்பல் படையோடு வந்த செங் ஹோ, சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் பொறித்துக் கொண்டுவந்த கல் ஒன்று உண்டு. 1409-ஆம் ஆண்டுத் தேதியிட்டது. அதன் தமிழ்ப் பகுதி இந்த நாயனாருக்குக் காணிக்கை கொடுத்ததைத்தான் சொல்கிறது. 1911-ல் காலி நகரில் கிடைத்த அந்தக் கல் இப்போது கொழும்பு மியூசியத்தில் இருக்கிறது. மறக்காமல் பாருங்கள். சீனாக்காரர் நம் எழுத்தில் கல் வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார் என்றால் பெருமையாக இல்லையா? காலியில் கடலோரக் கோட்டையும் உண்டு. மதிலின் மேலே மாலை நேரத்தில் நடந்தால் நேரம் போவதே தெரியாது. திரிகோணமலைப் பக்கமும் திமிங்கலம் வரும். ஆனால் அங்கே சீசன் வேறு, மே மாதத்துக்கு மேல்தான்.

என் மனசில் தங்கியது இன்னொன்று. எங்கள் வீட்டம்மா தன் வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறார். காலையில் தேங்காய் ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும், மத்தியானம் சோறும் மீன் குழம்பும். அவ்வளவுதான் அவர் தொழில். நாம் தினமும் சம்பளம் இல்லாமல் செய்கிற அதே அடுக்களை வேலை! அந்தப் பணத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார். மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும், முந்திரிக்கொத்தும் மட்டிப்பழமும் நம் வீடுகளில் இல்லையா? நம்மிடம் இல்லாதது சமையல் அல்ல. வந்தவர்கள் ஒரு நாள் முழுக்கத் தங்குகிற மாதிரி ஒரு கடற்கரைதான் இல்லை.

இப்போது மாமியின் கேள்விக்கு வருகிறேன். நம் கடலிலும் திமிங்கலம் உண்டு. 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் கரை ஒதுங்கினதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். மீனவச் சகோதரர்கள் கயிறு கட்டி இழுத்துக் கடலில் விட்டார்கள். விட்டதில் சில திரும்பவும் கரைக்கே வந்து செத்தன. 1973 ஜனவரியிலும் மன்னார் வளைகுடாக் கரையில் 147 திமிங்கலங்கள் இப்படி ஒதுங்கியிருக்கின்றன. உயிரோடு பார்க்க மிரிஸ்ஸ போல் நமக்கு வசதி இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் திமிங்கலம் இருந்தால்தான் கடலா? எங்கள் புதுக்கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் தேங்காய்ப்பட்டணம். குழித்துறை ஆறு கடலில் விழுகிற பொழிமுகம் அங்கேதான். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், சுற்றிலும் தென்னை. அரபு வியாபாரிகள் வந்து போன பழைய துறைமுகம். கல்லால் கட்டின பழமையான பள்ளிவாசல் இருக்கிறது. 1997-ல் ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்காகச் சாகித்ய அகாடமி விருது வாங்கின தோப்பில் முஹம்மது மீரான் பிறந்த ஊர். திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் வெட்டின ஏ.வி.எம். கால்வாய் இந்த வழியாகத்தான் போகிறது. பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறது என்பது வேறு கதை. வருகிற வழியில் சிவாலய ஓட்டத்தின் முதல் கோயிலான முஞ்சிறை திருமலை மகாதேவர் கோயில். புதுக்கடையிலேயே, குமரியைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு 1954 ஆகஸ்டு 11-ல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட தியாகிகளின் நினைவிடம். கிழக்கே போனால் மண்டைக்காடு, குளச்சல், முட்டம். ஒரு நாளில் பார்த்து முடியாது! ஒரே எச்சரிக்கை: பொழிமுகத்தில் பிள்ளைகளை இறக்காதீர்கள். இழுப்பு அதிகம்.

இவ்வளவு இருந்தும், பெண்கள் இப்படிப்பட்ட இடங்களுக்கு எப்படிப் போகிறோம்? அரை மணி நேரம். ஆண்களும் பிள்ளைகளும் தண்ணீரில் இறங்குவார்கள். நாம் செருப்புக்கும் டிபன் பாத்திரத்துக்கும் காவல். பிறகு “போகலாமா?” என்று நாமே அவசரப்படுத்துவோம். காரணத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். ஒருமுறை எங்கள் மாவட்டத்துக் கடற்கரை ஒன்றில் புதிதாகக் கட்டின கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். கடைசியில் ஒரு மீனவர் வீட்டில் போய்க் கேட்டோம். அந்த அம்மா முகம் சுளிக்காமல் உள்ளே கூட்டிப் போனார். “ஞாயித்துக்கெழமையானா இதே பாடுதான் மக்களே” என்றார்.

ஒரு நாள் வந்து போகிற நமக்கே இப்படி என்றால், விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, மத்தியானம் வரை சந்தையிலும் ரோட்டோரத்திலும் உட்கார்ந்து விற்கிற பெண்களின் கதி என்ன? அவர்களும் தண்ணீர் குடிக்காமல்தான் இருக்கிறார்கள். நீர்க்கடுப்பு என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் “நிறையத் தண்ணீர் குடியுங்கள்” என்று அறிவுரை கிடைக்கும்! அதனால் கழிப்பறை கேட்பது சுற்றுலாக்காரர்களுக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். நல்ல இடமாக மாற்றினால் அங்கேயே பிழைக்கிற பெண்களுக்குத்தான் முதல் பலன்.

“நம்ம ஊரையும் மிரிஸ்ஸ மாதிரி ஆக்க வேண்டும்” என்று நான் சொல்லவில்லை. படகும் ஹோட்டலும் பெருகித் துரத்துகிற கூட்டம் நமக்கு வேண்டாம். நான் கேட்பது கொஞ்சம்தான். பூட்டாத, தண்ணீர் வருகிற கழிப்பறை. உடை மாற்ற ஓர் அறை. உட்கார நிழலில் நாலு பெஞ்சு. இருட்டினால் விளக்கு. அபாயமான இடத்தில் ஒரு பலகை. இதைப் பராமரிக்கிற வேலையை அந்த ஊர் மகளிர் குழுவிடமே, சாவியோடும் சம்பளத்தோடும் கொடுக்கலாம்.

யார் கேட்பது? நாம்தான். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் வந்துவிட்டது. உங்கள் வார்டு உறுப்பினர் பெண் என்றால் அவரைக் கேளுங்கள். அவருக்கும் இந்தக் கஷ்டம் தெரியும். கிராம ஊராட்சியில் இருக்கிறவர்கள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 கிராமசபைக் கூட்டங்களுக்குப் பத்துப் பேராகப் போய் எழுத்தில் கொடுங்கள். அங்கே நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள். வெட்கப்பட்டுக் கொண்டிருந்தால் நம் மகள்களும் தாகத்தோடுதான் ஊர் சுற்ற வேண்டியிருக்கும்.

அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிபன் பாத்திரத்தைக் காவல் காக்கிற முறையை வீட்டு ஆண்களுக்குக் கொடுத்துவிட்டு, நீங்கள் போய்க் கடலில் கால் நனையுங்கள். என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

– ஓர் இல்லத்தரசி, புதுக்கடை.