துத்தநாகம்: நண்பனா, பகைவனா?

சர்க்கரை நோய்க்குத் துத்தநாக மாத்திரை சாப்பிடலாமா? செப்புப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக் குடித்தால் நோய் தணியுமா? இப்படிக் கேட்பவர்கள் இன்று பலர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து, 2023-ல் வெளியான ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். ஆகவே, இது அலட்சியப்படுத்தக்கூடிய விஷயம் அல்ல. உலோகங்களுக்கும் இந்த நோய்க்கும் என்ன தொடர்பு என்று பார்ப்போம்.

கணையத்தில் படிந்த பொருள்

1901-ம் ஆண்டில் யூஜின் ஓப்பி என்ற அமெரிக்க டாக்டர், சர்க்கரை நோயாளியின் கணையத்தை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தார். திட்டுத் திட்டாக உள்ள செல் கூட்டங்களில் கண்ணாடி போன்ற ஒரு பொருள் படிந்திருக்கக் கண்டார். அது என்ன? விடை கிடைக்க 86 ஆண்டுகள் ஆயின. 'அமைலின்' என்ற புரதமே அது என்று 1987-ல் தெரிந்தது.

அமைலின், 37 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலி. இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களே இதையும் சுரக்கின்றன. பசியை அடக்குவதும், உண்ட உணவு இரைப்பையிலிருந்து மெல்ல இறங்கச் செய்வதும் இதன் வேலை. தனித்தனியாக இருக்கும் வரை நல்லதுதான். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஆபத்து! முதலில் சிறு சிறு கொத்துகளாகும். பிறகு நீண்ட நார்களாகிப் படியும். நார்களைவிட அந்தச் சிறு கொத்துகளே பீட்டா செல்களை அதிகமாகக் கொல்கின்றன என்பது பல விஞ்ஞானிகளின் அபிப்பிராயம்.

உலோகம் எங்கே வந்தது?

உடலில் துத்தநாகம் மிகுந்த இடங்களில் பீட்டா செல்லும் ஒன்று. காரணம் உண்டு. ஆறு இன்சுலின் மூலக்கூறுகள், இரண்டு துத்தநாக அயனிகளைப் பற்றிக்கொண்டு ஒரே கட்டாகச் சேமித்து வைக்கப்படுகின்றன. அதே சிறு பைக்குள்தான் அமைலினும் இருக்கிறது. அதன் 18-வது இடத்தில் உள்ள 'ஹிஸ்டிடின்' துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பிடித்தால் நன்மையா, தீமையா? 2010-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி, இரண்டும் உண்டு என்று காட்டிற்று. துத்தநாகத்தின் அளவு மாறினால் பலனும் மாறுகிறது. கரைசலின் புளிப்புத் தன்மை மாறினாலும் அப்படியே. ஒரு நிலையில் நார் உருவாவது தடைப்படுகிறது. வேறொரு நிலையில் விரைவாகிறது. செம்பின் கதையும் சிக்கலானதே. அது நார் உருவாவதைத் தடுப்பதாகச் சோதனைகள் கூறுகின்றன. ஆனால் அமைலினும் செம்பும் சேர்ந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற கேடு தரும் பொருள் தோன்றுவதையும் கண்டிருக்கிறார்கள். நார் குறைந்துவிட்டதாலேயே நோய் குறைந்ததாகச் சொல்ல முடியாது.

தலைகீழான முடிவு

துத்தநாகத்தை அந்தப் பைக்குள் கொண்டு சேர்க்க ஒரு தனிப் புரதம் இருக்கிறது. அதற்குரிய மரபணுவுக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு உண்டு என்று 2007-ல் தெரிந்தது. உடனே, "அந்தப் புரதத்தை ஊக்கினால் நோய் குறையும்" என்று பலர் எண்ணினர். 2014-ல் நிலைமை மாறியது. சுமார் 1,50,000 பேரைச் சோதித்ததில், அந்த மரபணுவின் ஒரு பிரதி பழுதுபட்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 65 சதவீதம் குறைவாக இருந்தது! ஊக்குவதற்குப் பதில் ஒடுக்குவதே நல்லதோ என்ற கேள்வி எழுந்தது.

எலி கற்பித்த பாடம்

எலியின் அமைலின் நாராகத் திரிவதில்லை. அதில் மூன்று இடங்களில் 'புரோலின்' என்ற அமினோ அமிலம் இருப்பதே முக்கிய காரணம். அதே மாற்றத்தை மனித அமைலினில் செய்து 'பிராம்லின்டைடு' என்ற மருந்தை உருவாக்கினார்கள். 2005-ல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி தந்தது. புரதத்தின் அமைப்பை அறிந்ததால் கிடைத்த பலன் இது.

ஆனால், துத்தநாக மாத்திரைக்கு அத்தகைய சான்று இல்லை. சர்க்கரை நோய் வராமல் தடுக்க அதைச் சிபாரிசு செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்று 2015-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு கூறிற்று. மேலும், துத்தநாகத்தை அளவுக்கு மீறி உண்டால் உடலில் செம்புச் சத்து குறைந்து இரத்த சோகையும் வரலாம்.

சோதனைக் குழாயில் நடப்பது வேறு. உடலில் நடப்பது வேறு. விளம்பரத்தை நம்பி டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை வேண்டுமா, வேண்டாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.